இரண்டு கட்டையா, இரண்டேகாலா?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் வீட்டில் ஏதாவது ஒரு வேலை முளைத்துவிடுகிறது. சின்னவள் வேலை கிடைத்துப் புனே போய்விட்டாள். அவள் அறையில் இப்போது என் இசைத்தட்டுகள் குடியேறிவிட்டன. மீனாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், காதுதான் மந்தம். "நீ போடுற இங்கிலீஷ் வாத்தியத்துக்கு இதுவே தேவலை" என்கிறாள். உன் முட்டிவலி எப்படி? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்!

விஷயத்துக்கு வருகிறேன். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் தட்டு 'கைண்ட் ஆஃப் புளூ'வின் முதல் அச்சை அங்கே ஒரு கடையில் பார்த்தாய், விலை கேட்டுத் தலை சுற்றியது, ஆனாலும் மனசு கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். வாங்காதே என்பது என் கட்சி. வயலின்காரன் நீ, காரணத்தைச் சொன்னால் உடனே புரியும்.

1959 மார்ச் 2, நியூயார்க், கொலம்பியா கம்பெனியின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில் முதல் நாள் ஒலிப்பதிவு. முன்பு சர்ச்சாக இருந்த கட்டடம். கூரை உயரம், அந்தக் கூடத்தின் கார்வை இன்றைக்கும் தட்டில் கேட்கும். அன்று ஓடிய டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறத்தானே செய்யும்? முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி அளவுக்கு ஏறிவிட்டன. முதல் உருப்படியான 'ஸோ வாட்' நம் கணக்கில் இரண்டு கட்டை சுருதி. நடுவில் எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் இரண்டரைக்குப் போய்த் திரும்பும். பழைய தட்டிலோ அது தொடங்குவதே இரண்டேகாலில், ஆர்மோனியத்தில் கட்டையே இல்லாத இடத்தில்! தட்டைச் சுழலவிட்டுக் கூடவே வாசித்துப் பழகியவர்கள் எத்தனை பேர் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்களோ. ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. மார்ச் 2 அன்று கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் காப்பு டேப் சரியான வேகத்தில் இருந்தது. அதை எடுத்துத் திருத்தியது 1992 மறுவெளியீட்டில்தான். முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் கேட்டது சுருதி ஏறிய 'ஸோ வாட்'.

நீ பார்த்தது லேபிளில் ஆறு கண் சின்னம் உள்ள தட்டுதானே? அதே அச்சு மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இருக்கிறது. எழுபதுகளின் சிவப்பு லேபிள் மறுபதிப்பும், ஒலிப் பொறியாளர் பெர்னி கிரண்ட்மேன் வெட்டிய, அதாவது டேப்பில் இருப்பதைப் பள்ளங்களாகச் செதுக்கிய, புதுத் தட்டும் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் ஒரே ஊசியில் கேட்டோம். ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு சத்தத்தில் வெட்டப்பட்டிருக்கும். துளி கூடுதலாகக் கேட்டாலும் காது அதற்கே ஓட்டுப் போட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் வால்யூமைச் சரிகட்டிவிட்டுத்தான் கேட்டோம்.

'ஸோ வாட்'டில் மைல்ஸின் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும்போது டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிப்பார், ஞாபகம் இருக்கிறதா? நான் காது வைத்தது அங்கேதான். சிவப்பு லேபிளில் அது 'ஸ்ஸ்' என்று சீறிவிட்டு அணைந்துவிடுகிறது. ஆறு கண்ணில் அந்த ஒலி கூடம் முழுக்கப் பரவுகிறது. டேப் புதிதாக இருந்தபோதே வெட்டியதன் பலன். புதுத் தட்டில் அந்தப் பரவல் ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் உலோகத்தில் குச்சி படுகிற இடம் துல்லியமாகத் தெரிகிறது, டிரம்பெட்டுக்கு அடியில் கார்வை வெகுநேரம் நிற்கிறது. பால் சேம்பர்ஸின் பேஸும் கெட்டியாக இருக்கிறது. சுருதியும் சரி. இரண்டாம் பக்கத்துக்கு மட்டும் என்னைக் கேட்டால் ஆறு கண்தான். ஆனால் ஒரு பக்கத்துக்காக யார் அவ்வளவு காசு கொடுப்பார்கள்?

முதல் அச்சு என்ற பெயருக்கே தனி விலை. உண்மையில் பார்க்க வேண்டியது எந்த டேப், யார் வெட்டியது என்ற இரண்டையும்தான். ராக் குழு லெட் செப்பலினின் 'லெட் செப்பலின் 2' ஒன்று போதும் சாட்சிக்கு. 1969இல் ராபர்ட் லட்விக் வெட்டிய தட்டில் பேஸும் சத்தமும் அவ்வளவு வீரியம். மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளுகிறது என்று கம்பெனி அடக்கி வாசித்து வேறு வெட்டி விற்றது. அட்டை ஒன்றுதான், உள்ளே இருப்பது இரண்டு வேறு தட்டு. லேபிளுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே உள்ள வெற்று இடத்தில் 'ஆர்.எல்.' என்று கீறியிருந்தால் அது லட்விக்குடையது. கடையில் தட்டைச் சாய்த்து, டியூப்லைட் வெளிச்சம் அந்த வளையத்தில் வழுக்கும்படி பிடித்தால் எழுத்து தெரியும். 180 கிராம் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதே. கனம் கூடினால் தட்டு வளையாமல் இருக்கலாம், பாட்டு மாறாது.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2022இல், பழைய இசையை உயர்தரத் தட்டுகளாக மறுபதிப்பு செய்யும் மொபைல் ஃபிடிலிட்டி கம்பெனி, தன் தட்டுகள் பலவற்றில் மூல டேப்புக்கும் வெட்டுக்கும் நடுவே டிஜிட்டல் நகல் ஒன்று இருந்ததை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வழக்கு வரை போயிற்று. டிஜிட்டல் வாடையே ஆகாது என்று சத்தியம் செய்தவர்கள் அதே தட்டுகளை வருஷக்கணக்கில் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்தான், மறைப்பானேன்.

நிமிஷத்துக்கு 45 சுற்றுச் சுழலும் பதிப்பு கிடைத்தால் யோசிக்கலாம். 33 சுற்றுத் தட்டில் விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது 20 சென்டிமீட்டர் சொச்சம்தான், அதனால்தான் கடைசிப் பாட்டில் பிசிறு. 45இல் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அடிக்கடி எழுந்து திருப்பிப் போட வேண்டும். உன் முட்டிக்கு ஆகுமா?

கடைக்காரரிடம் அந்த வெற்று இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். எண்ணுக்குப் பின்னால் '1ஏ', '1பி' என்று, எந்த வெட்டு என்பதைக் காட்டும் குறி என்ன இருக்கிறது என்று பார்ப்போம். விலைக்காக இல்லை, சும்மா ஒரு ஆசை. மார்கழிக்கு வருகிறாய் அல்லவா? ஊசி துடைக்கும் பிரஷ் ஒன்று வாங்கி வா. பணம் இங்கே தருகிறேன்.

அன்புடன்,
சேகர்