முதியோர் ஓ.பி. கழிப்பறையின் பூட்டைத் திறந்துவிடக் கோரி ஐந்தாவது மனு

அனுப்புநர்:
செயலாளர்,
முதியோர் மருத்துவத்துக்காகவும் அதைக் கற்பிப்பதற்காகவும் நெல்லை வட்டார மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: அரசு மருத்துவமனை – முதியோர் புறநோயாளிகள் பிரிவு – கட்டி முடித்தும் பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மருத்துவமனைக்கும் மேல் அலுவலகங்களுக்கும் இதே பொருளில் எங்கள் சங்கம் கொடுத்த நான்கு மனுக்கள் (நகல்கள் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சங்கம் பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. வயதானவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது தனிப் படிப்பு, தனிப் பொறுமை வேண்டிய வேலை என்று நம்புகிற சிலர் சேர்ந்து நடத்துகிறோம். மாதம் ஒருமுறை வகுப்பு நடத்துகிறோம். இளம் மருத்துவர்கள், செவிலியர் மாணவிகள், வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கும் தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ளும் மகள்கள், மருமகள்கள் வருகிறார்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் அதை மூப்பு என்று விட்டுவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது, இப்படியான காரியங்களைச் சொல்லிக் கொடுக்கிறோம். அரசிடம் இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை. இந்த மனுவிலும் பணம் கேட்கவில்லை.

மருத்துவமனையின் பெயரை மனுவுக்குள் எழுதவில்லை. தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அங்கே வேலை பார்க்கும் யார் மீதும் நடவடிக்கை கேட்டு நாங்கள் வரவில்லை. பேருந்தை விட்டு இறங்கியதும் வரிசையாக மருந்துக் கடைகள், எதிரே இளநீர் வண்டி, மழை பெய்தால் வாசலிலேயே முழங்கால் தண்ணீர் என்று சொன்னாலே தங்களுக்குப் புரிந்துவிடும்.

எங்கள் நிலையைக் கீழ்க்கண்டவாறு பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. அங்கே வியாழக்கிழமைதோறும் முதியோர் ஓ.பி. நடக்கிறது. மருத்துவர் நல்லவர், அவசரப்படாமல் பார்க்கிறார். இதில் குறை இல்லை.

2. அந்த ஓ.பி. கட்டடத்திலேயே முதியோருக்கென்று ஒரு கழிப்பறை கட்டப்பட்டது. நாங்கள் கேட்டுக்கொண்ட முறையிலேயே கட்டிக் கொடுத்தார்கள், அதற்கு இன்றும் நன்றி சொல்கிறோம். உட்காரும் வசதியுள்ள வெஸ்டர்ன் கோப்பை, இரண்டு பக்கமும் கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, வழுக்காத தரை. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்கத் தோதாக, கதவும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, பதினான்கு மாதமாகப் பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். பூட்டு துருப்பிடித்துவிட்டது.

3. மாற்று வழி ஒன்று உண்டு. பின்பக்கம், பிரசவ வார்டைத் தாண்டி, பொதுக் கழிப்பறை. நான் அடியெண்ணி நடந்து பார்த்தேன், 212 எட்டு. எனக்கு 64 வயது, முட்டி நன்றாக இருக்கிறது. கம்பு ஊன்றி வருகிறவருக்கு எத்தனை எட்டு ஆகும் என்று தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்தால் மூன்று படி ஏற வேண்டும், பிடிக்கக் கம்பி கிடையாது. உள்ளே குந்தி உட்காருகிற கோப்பைதான். நாற்பது வருஷம் மடியில் சுளவை வைத்து பீடி சுற்றிய முக்கூடல் ஆச்சிக்கு முட்டி மடங்குமா? பத்தமடையில் கோரைப் பாய் நெய்து இடுப்பு ஒடிந்தவர், மானூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் குனிந்தே வளைந்தவர், களக்காட்டு வாழைத் தோட்டத்தில் தார் சுமந்தவர், இவர்கள்தாம் அங்கே வருகிறார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். அதனால் வியாழக்கிழமை வரிசையில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் மாத்திரையோடு முடியாத உபாதை உள்ளவர்கள், எல்லாரிலும் தளர்ந்தவர்கள்.

4. இனி எழுதப்போவதுதான் இந்த மனுவின் உயிர். தயவுசெய்து முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன்.

கழிப்பறை இல்லை என்று தெரிந்ததால் இவர்கள் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். புதன்கிழமை ராத்திரியே நிறுத்திவிடுகிறார்கள். காலை ஐந்தேமுக்கால் பஸ், ஏழு மணிக்குச் சீட்டு, மருத்துவரைப் பார்க்கப் பத்து, ரத்தம் கொடுத்து மருந்து வாங்கப் பன்னிரண்டு, திரும்ப வீடு போய்ச் சேர இரண்டு. எட்டு மணி நேரம், கத்தரி வெயிலிலும் இதே கதைதான்.

வயதானால் தாகம் எடுக்கிற உணர்வே மங்கிப்போகும். சிறுநீரகம் தண்ணீரைத் தேக்கி வைக்கிற பக்குவமும் குறையும். அந்த உடம்பைத்தான் பட்டினி போடுகிறார்கள். இருதயம் பலவீனமானவர்களுக்கு நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை உண்டு. வியாழக்கிழமை மட்டும் அதை விழுங்குவதில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்க வந்து நிற்பார்கள். மாத்திரை போதவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டி எழுதுவார். வெள்ளிக்கிழமை முதல் கூட்டிய மாத்திரையை ஒழுங்காக விழுங்கி, ஞாயிற்றுக்கிழமை கிறங்கி விழுவார்கள். தண்ணீர் குடிக்காமல் வந்தவருக்கு உட்கார வைத்து பிரஷர் பார்த்தால் 150 இருக்கும், எழுந்து நிற்க வைத்துப் பார்த்தால் 120க்கு இறங்கியிருக்கும். நிற்கும்போது 20 இறங்கினாலே ஆபத்து என்பது எங்கள் வகுப்பின் முதல் பாடம். இப்படி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எத்தனை பேர் திரும்ப எழுந்து நடக்கிறார்கள் என்பது ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டில் ஒருநாள் நின்றால் தெரியும். அடக்கி அடக்கி வைத்துச் சிறுநீரில் கிருமி தொற்றினால் அது புத்தியைத் தடுமாற வைக்கும். வீட்டில் ஆச்சிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். ஆண்களுக்கு வேறு தொல்லை. பிராஸ்டேட் வீங்கியவர்களால் அடக்கவும் முடியாது, அடக்கினால் நேரத்துக்குப் பிரியவும் செய்யாது.

ஆக, வைத்தியத்துக்கு வருகிற நாளிலேயே நோய் பொய்க்கணக்குக் காட்டுகிறது. மருத்துவர் எத்தனை படித்து என்ன செய்ய?

போன கோடையில் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர். பின் வரிசையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டார்கள், “குடிக்கச் சொல்லுதியளே நர்சம்மா, எங்கன போவ?” 33 வருஷம் செவிலியர் வேலை பார்த்தவள் நான். பதில் இல்லை.

5. இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. மருந்து வாங்கும் இடத்தில் ஓர் அம்மா, எழுபத்தெட்டு வயது இருக்கும், வரிசையில் முன்னே நகராமல் நிற்கிறார்கள். பின்னால் வருகிறவர்களை எல்லாம் “நீங்க போங்க, நீங்க போங்க” என்று விடுகிறார்கள். மயக்கமோ என்று கிட்டே போனேன். இரண்டு கையாலும் மஞ்சப்பையை முன்பக்கம் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். காலடியில் தரை நனைந்திருந்தது. சேலையும் நனைந்திருந்தது. நகர்ந்தால் தெரிந்துவிடும் என்று அதே இடத்தில் நின்றிருக்கிறார்கள் ஐயா, எவ்வளவு நேரமோ. என் சால்வையை இடுப்பில் சுற்றிவிட்டு, பூட்டின கழிப்பறைக் கதவுக்கு முன்னாலேயே பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்தக் கதவில் முதியோர் படம் ஒட்டியிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “யார்ட்டயும் சொல்லிராதிய” என்றார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் ஓ.பி.க்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். “எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேச்சு முடிவதற்குள் இரண்டு தடவை கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

பெயர் எழுதவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றதை மீறித் தங்களிடம் சொல்லிவிட்டேன். சொன்னதற்கு அந்தப் பூட்டாவது திறக்கட்டும்.

6. ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டுப் போன இடமெல்லாம் வாய்வார்த்தையாக ஒவ்வொரு பதில். மோட்டார் பழுது என்றார்கள். எங்கள் செலவில் பார்த்துத் தருகிறோம் என்றோம், அதற்கு அனுமதி வேண்டும் என்றார்கள். கழுவ ஆள் இல்லை என்றார்கள். வியாழக்கிழமைக்கு ஒரு தூய்மைப் பணியாளரின் கூலியைச் சங்கமே தருகிறது என்று மூன்றாவது மனுவில் எழுத்தில் கொடுத்தோம். கட்டியவர்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை என்றார்கள். கட்டியவர்களைக் கேட்டால் ஒப்படைத்தாயிற்று என்றார்கள். நான்காவது மனுவுக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது: மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது. எங்கே அனுப்பினார்கள்? யாரிடம் இருக்கிறது? சாவி யார் கையில் என்று இந்த நிமிஷம் வரை ஒருத்தரும் சொல்லவில்லை.

ஆனால் ஒருநாள் அது திறந்தது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று அன்று காலை கழுவி, பினாயில் ஊற்றி, சோப்பு வைத்து, வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். தற்செயலாக அன்று வியாழக்கிழமை. ஆச்சிமார் மூன்று பேர் போய்விட்டு வந்தார்கள். ஒருவர் வெளியே வந்ததும் கைப்பிடியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் மறுபடியும் பூட்டு. பார்க்க வருகிறவர்களுக்காக ஒருநாள் திறக்க முடிந்த கதவை நோயாளிகளுக்காக வாரத்தில் ஒருநாள் திறக்க முடியாதா? என்ன நியாயம் இது?

7. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பிரிவு 20, அரசு மருத்துவமனையில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. வரிசை கொடுத்தாயிற்று. வரிசையில் நிற்கிறவருக்கு மூத்திரம் வந்தால் எங்கே போவது? 2010-11இல் தொடங்கிய தேசிய முதியோர் நல மருத்துவத் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைக்குப் பத்துப் படுக்கை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள் முதியோர் கிளினிக் என்றெல்லாம் சொல்லியிருக்கிறது. இந்த வைத்தியத்தில் நாட்டுக்கே வழிகாட்டியது நம் மாநிலம்தான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1978இல். முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது 1996இல். 2024இல் கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையே வந்துவிட்டது. எங்கள் மாணவிகளிடம் இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். சொல்லிவிட்டு அடுத்த வியாழக்கிழமை அதே பிள்ளைகளை ஓ.பி.க்குக் கூட்டிப் போகிறேன். அந்தப் பூட்டை அவர்களும் பார்க்கிறார்கள்.

8. நாங்கள் கேட்பது ஒரு பூட்டைத் திறப்பது. அவ்வளவுதான் ஐயா. புதுக் கட்டடம் கேட்கவில்லை.

ஆகவே, தாங்கள் நேரில் தலையிட்டு அந்தக் கழிப்பறையை உடனே திறக்க உத்தரவிடுமாறும், ஓ.பி. நேரம் முழுவதும் அது திறந்திருக்கவும் தண்ணீர் வரவும் ஒரு பொறுப்பாளரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்குமாறும், சங்கம் தருவதாகச் சொன்ன துப்புரவுக் கூலியை ஏற்றுக்கொள்ள அனுமதி வழங்குமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அனுமதிக்கு நாளாகும் என்றால் அது பின்னால் வரட்டும். முதலில் பூட்டைத் திறந்துவிடுங்கள். வேண்டிக் கேட்கிறோம், திறந்துவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
செயலாளர், ஓய்வு பெற்ற செவிலியர்

இணைப்பு:
முந்தைய மனுக்களின் நகல் – 4
வந்த பதில் கடிதத்தின் நகல் – 1
மருத்துவமனையின் பெயர், பிரிவு குறித்த தனித்தாள் – 1
பூட்டின் புகைப்படம் – 2
முதியோர் ஓ.பி.க்கு வருகிறவர்களின் கையெழுத்தும் கைநாட்டும் – 6 தாள்கள்

பின்குறிப்பு: அடுத்த ஓ.பி. வருகிற வியாழன் காலை. ஆறரை மணியிலிருந்து நான் அந்தக் கதவுக்கு எதிர் பெஞ்சில் இருப்பேன். சாவி கிடைக்கவில்லை, பூட்டை அறுக்கத்தான் வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட்டால், ஆள் தயாராக இருக்கிறார். புதுப் பூட்டும் இரண்டு சாவியும் வாங்கி வைத்திருக்கிறோம்.