தெற்கு மேட்டு நந்தவனம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கோயிலின் தெற்குச் சுவரை ஒட்டி நாம் எடுத்த பாறைத் தோட்டப் பணி இந்த ஏப்ரலில் நிறைவேறியது. கல் வேலை 2022-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் பூவைப் பார்க்காமல் நிறைவு என்று எழுத மனம் வரவில்லை. வேலியோரம் பனி கரையாமல் கிடந்தபோதே ஒன்பது பிரெய்ரி குரோக்கஸ் செடிகள் மொட்டு விட்டன. இலை இன்னும் வரவில்லை. தரையிலிருந்து நேராக மொட்டு மட்டும். காம்பிலும் மொட்டிலும் பூனைக்குட்டியின் காது போல வெள்ளை ரோமம். வெயில் ஏறியதும் ஊதா நிறத்தில் விரிந்து, நடுவே மஞ்சள் கேசரங்களைக் காட்டி, சூரியன் போகும் பக்கமே திரும்பி நின்றது.

இந்தப் பூ 1906 முதல் கனடாவின் மானிடோபா மாகாண மலர். குங்குமப்பூவின் தாவரப் பெயரும் குரோக்கஸ் என்பதால், பெயரைக் கேட்டுப் பலர் குங்குமப்பூ இனம் என்று நினைத்தார்கள். அப்படியில்லை, நம் கருஞ்சீரகம் இருக்கிற குடும்பம் இது.

முதல் முயற்சி தவறியதற்குக் குழுவே பொறுப்பு. 2021 வசந்தத்தில் பன்னிரண்டு செடிகள் வாங்கி, இருந்த மண்ணிலேயே எரு கலந்து நட்டோம். அக்கறையாகத் தினமும் தண்ணீரும் விட்டோம். நம் ஊர் இருக்கும் ரெட் ரிவர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மண் பழைய ஏரிப்படுகைக் களிமண், நீர் இறங்காது. அடுத்த வசந்தத்தில் தோண்டிப் பார்த்தால் பத்துச் செடிகளின் தூர் கறுத்து அழுகியிருந்தது. குளிரைத் தாங்கப் பிறந்த செடியை நாம் ஈரத்தில் இழந்தோம்.

அப்புறம்தான் மேடு எழுப்பினோம். இரண்டடி உயரம், பாதிக்கு மேல் மணலும் சரளையும், எரு கிடையாது. ஓரங்களில் கார்சன் கல்குவாரியின் டின்டால் சுண்ணாம்புக்கல் துண்டுகள். வின்னிபெக் சட்டமன்றக் கட்டடம் எழுந்ததும் இந்தக் கல்லால்தான். இடது மூலைக் கல்லில் பழங்காலக் கடலுயிரின் சுருள் வடிவம் ஒன்று பதிந்திருக்கிறது. வரும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

செடியை இந்த முறை வாங்கவில்லை. உழாத புல்வெளி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் தம் நிலத்தில் விதை எடுத்துக்கொள்ள அனுமதித்தார். புல்வெளியில் வளர்ந்த செடியைப் பெயர்த்தால் ஆழமான ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் பட்டுப்போகும், அதனால் விதைதான் வழி. ஒவ்வொரு விதைக்கும் இறகு போன்ற வால் உண்டு. பொருளாளரின் உள்ளங்கையில் ஒன்றை வைத்துத் துளி நீர் விட்டோம். வால் முறுக்கு அவிழ்ந்து மெல்லச் சுழன்றது. மண்ணுக்குள் விதை தன்னைத் திருகிக்கொள்ளும் வழி அது. ஜூனில் பறித்த கையோடு விதைத்ததால் சில வாரங்களில் முளைத்தது. பழைய விதை என்றால் ஒரு குளிர்காலம் காத்திருக்க வேண்டியிருக்கும். 2023 வசந்தத்தில், வேர் நீளும் முன்பே மேட்டில் 38 நாற்றுகள் நட்டோம், 31 நிற்கின்றன. முதல் பூவுக்கு இந்த 2025 வரை ஆயிற்று.

நன்கொடை வரவு 2,640 டாலர். மணல், சரளை 1,380. கல்லும் வண்டிக்கூலியும் 610. செடி, தொட்டி 425. மீதி 225 நந்தவனக் கணக்கில் இருக்கிறது.

பூவை அர்ச்சனைக்குப் பறிக்கலாமா என்று பல அம்மாமார் கேட்டார்கள். வேண்டாம். செடி முழுவதும் நஞ்சு, சாறு பட்டால் தோல் எரியும். செடியிலேயே இருக்கட்டும், அதுவே சுவாமிக்குச் சாத்தியதாகக் குழு கருதுகிறது. தண்ணீர் விட ஆசைப்படுபவர்கள் மல்லித் தொட்டிகளுக்கு விடுங்கள், மேட்டுக்கு மழை போதும். இலையுதிர் காலத்தில் சருகை மட்டும் அள்ளிவிட வேண்டும், தூரில் ஈரம் தேங்கக் கூடாது.

ஜூனில் விதை முற்றும். வீட்டில் நல்ல வெயில் விழும் மேடான இடம் உள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் ஆளுக்குப் பத்து விதை தருகிறோம். வாங்கிய வாரமே விதைத்துவிடுங்கள்.

திருப்பணிக் குழு
மே 2025