குழம்புக்கு உதவாத மீன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் நம் சிலாங்கூர் மாநிலத்தின் நில மேம்பாடு குறித்து வெளிவந்த கட்டுரையை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் படித்தேன். குழம்புக்கும் உதவாத விரல் நீள மீன் ஒன்றுக்காக வீடமைப்புத் திட்டங்கள் காத்துக்கிடக்க வேண்டுமா என்று கட்டுரையாளர் கேட்டிருப்பது என் கண்ணின் கோளாறு அன்று என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. குழம்புதான் அளவுகோல் என்றால், நம் மலேசிய நாட்டுச் சின்னத்தில் நிற்கும் இரண்டு புலிகளையும் என்ன செய்யலாம் என்று அவர் ஒரு யோசனை சொல்லியிருக்கலாம்.

அது போகட்டும். கட்டுரையோடு நீல வாலை விசிறியாக விரித்துக்கொண்டு அரைப் பக்கத்துக்கு ஒரு மீன் அச்சாகியிருந்ததே, அது கடைகளில் கண்ணாடிக் குடுவைக்குள் விற்கப்படும் சயாம் சண்டை மீன். அழகுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்படுவது. கட்டுரை ஏளனம் செய்வதோ பெத்தா லிவிடா என்னும் சிலாங்கூர்ச் சண்டை மீனை. 1992இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. இம்மாநிலத்தின் கருநீர்ச் சதுப்புக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. இவை எதுவும் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்தவரின் மேசையைத் தாண்டி அந்தப் படம் எப்படி அச்சுக்குப் போயிற்று என்பதுதான் என் வருத்தம்.

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில். (இப்போது பெஸ்தாரி ஜெயா என்று அழைக்க வேண்டுமாம், எனக்கு நாக்கு வரவில்லை.) தோட்டத்து எல்லைக்கு அப்பால் சதுப்புக்காடு தொடங்கிவிடும். அதன் தண்ணீர் பார்வைக்குக் கறுப்பு, கையில் அள்ளினால் தேயிலைச் சாயம். எட்டு வயதில் அம்மாவின் மாவுச் சல்லடையைத் திருடிக்கொண்டு போய், அழுகிய இலைக்குவியலை அரித்து நான் பிடித்த முதல் மீன் கரித்துண்டுபோல் இருந்தது. போத்தலில் விட்டு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது மாதுளை முத்தின் சிவப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து பால் டின்னில் நல்ல குழாய்த்தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் காலையில் அது மிதந்தது. புளிப்பேறிய சதுப்பு நீரில் பிறந்த மீனுக்கு நம் நல்ல தண்ணீர் நல்ல தண்ணீர் அன்று என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் பிடித்தது லிவிடாதானா என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்தச் சிவப்பைக் கண்டவன் உங்கள் நீல வாலைக் கண்டு ஏமாறமாட்டான். இலைக்கு அடியில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டி, கீழே நழுவும் முட்டையை வாயால் கவ்வி மறுபடியும் கூட்டில் ஒட்டவைக்கும் ஆண் மீனை, சேற்றில் குப்புறப் படுத்து ஒரு பிற்பகல் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

பிறகு நீரை வடிக்கக் கால்வாய் வெட்டினார்கள். கறுப்புத் தண்ணீர் இரண்டே பருவத்தில் வடிந்தது. இலைதழை மட்கிச் சேர்ந்த சதுப்பின் கரிமண் நீர் வற்றினால் சுருங்கி அமிழும் என்பதை எங்கள் வட்டாரத்தில் பாடம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேர் வெளியே தெரிய, குடித்தவனைப்போலச் சாய்ந்து நின்ற செம்பனை மரங்களே போதும். காய்ந்த கரிமண்ணில் தீப்பிடித்தால் அது மேலே அணைந்தாலும் அடியில் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் புகைமூட்டத்துக்காக அவசரநிலை அறிவிக்கப்பட்டதே, பெரும்பாலான புகை சுமத்ராவில் எரிந்த நிலங்களிலிருந்துதான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ராஜா மூசா காப்புக்காட்டின் தீ எந்த நாட்டிலிருந்து வந்தது? அந்தக் காடுகள் தேக்கித் தரும் நீர் தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. மீனைக் குழம்பில் போடாதவர்களும் சோறு உண்பார்கள் என்பதைக் கட்டுரையாளர் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

2020 பிப்ரவரியில் வட கோல லங்காட் காப்புக்காட்டில் 930 ஹெக்டருக்கு மேல் காப்பிலிருந்து விடுவிக்க மாநில அரசு அறிவிப்புக் கொடுத்தபோது, ஆட்சேபக் கெடு முடிவதற்குள் வெளியிட வேண்டுமென்று கெஞ்சி ஒரு கடிதம் எழுதினேன். கெடு முடிந்த மறுவாரம், மீன் பற்றிய பத்தியை நீக்கிவிட்டு, மிக அழகாக வெளியிட்டீர்கள். பல்லாயிரம் ஆட்சேபங்களுக்குப் பிறகும் 2021இல் ஏறத்தாழ 536 ஹெக்டர் விடுவிக்கப்பட்டு, எதிர்ப்பு வலுத்த பின் அவ்வாண்டு செப்டம்பரில் அம்முடிவு மீட்டுக்கொள்ளப்பட்டது. தலைமுறைகளாக அங்கு வாழும் தெமுவான் பழங்குடி மக்களும் அந்த எதிர்ப்பில் நின்றார்கள். அவர்களைப் பற்றியும் ஞாயிறு மலரில் ஒரு சொல் இல்லை.

விரல் நீளம் என்பது கட்டுரையாளருக்கு அவ்வளவு இளப்பமாகத் தெரிகிறது என்றால், 2006இல் சுமத்ராவின் இதே போன்ற சதுப்புக்காட்டிலிருந்து ஒரு மீன் புதிய இனமாக அறிவிக்கப்பட்டதைச் சொல்கிறேன். அதன் முதிர்ந்த பெண் மீன் 7.9 மில்லிமீட்டர். அதைப் பற்றி அவர் என்ன எழுதுவாரோ!

தங்களிடம் நான் கேட்பது நான்கு வரித் திருத்தம்: அச்சான படம் சிலாங்கூர்ச் சண்டை மீனின் படமன்று என்று ஒரு குறிப்பும், இயன்றால் சரியான படமும். வண்ணத்தில் இடமில்லையென்றால் கறுப்பு வெள்ளையிலேயே போடுங்கள். நான் பிடித்தபோதும் அது முதலில் கறுப்பாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நாற்பதாண்டு வாசகன்,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன்,
கோல சிலாங்கூர் மாவட்டம்.