போன் எத்தனை மணிக்குக் கத்தும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்துக்காரி. கருவாடு விற்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, ஏலத்தில் மீன் எடுக்க இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. இப்போது சொல்ல வந்தது வேறு.

2023 அக்டோபரில் ஒருநாள் சந்தையில் உட்கார்ந்திருந்தேன். நாலா பக்கமும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின. பேரிடர் எச்சரிக்கைச் சோதனையாம். எனக்கு எப்படித் தெரியும்? கூடையைப் போட்டுவிட்டு மேற்கே ஓடினேன். நினைவு வந்தபோது செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். திரும்பி வந்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். காக்காய்களுக்கு அன்று நல்ல வேட்டை. நானூறு ரூபாய்ச் சரக்கு, அது போகட்டும். அப்புறம் ஒரு மாதம் தூக்கமே இல்லை. குழாயில் தண்ணீர் வேகமாக விழுந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பௌர்ணமிக்கே நான் இன்னும் பழகவில்லை; சுனாமி வந்த நாளும் பௌர்ணமிதான்.

மகள்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். 'எனக்கென்ன பைத்தியமா' என்று வழியெல்லாம் சண்டை. டாக்டரம்மா, படபடப்பு வரும்போது கண்ணெதிரே இருப்பதைப் பெயர் சொல்லி எண்ணச் சொன்னார். என் எதிரே என்ன இருக்கும்? நெத்திலி, வாளை, காரல், சுறா, திருக்கை. ஐந்தாவது வருவதற்குள் மூச்சு கொஞ்சம் இறங்கும். சில நாள் இரண்டு சுற்று எண்ண வேண்டும். வாங்க வருகிறவர்கள் நான் கூவி விற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எச்சரிக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2004இல் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் என்றார்கள், ஓடினோம். பெரிய அலை வரவில்லை. ஓடியதற்கு வருத்தமும் இல்லை. ஆனால் சோதனை என்றால் முந்தின நாளே காதில் விழும்படி சொல்ல வேண்டாமா? குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்களாம். என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் கருவாட்டுக் கையோடு யார் போனைப் பார்ப்பது? ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் அதிகாரிகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நாளைக்கு இத்தனை மணிக்குப் போன் கத்தும், பயப்படாதீங்க' என்று கோயில் மைக்கில் சொல்லிவிடுவார்கள். மணியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்குக் கூடையை மூடி வைத்துவிட்டு, மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு கருவாட்டு வியாபாரி,
கீச்சாங்குப்பம், நாகப்பட்டினம்.