அவளுக்கு அம்மா இருக்கிறாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தாராவிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போடாமல் படித்ததால் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று சந்தேகம். இல்லை, “நான் தத்தெடுத்த குழந்தையை முதன்முதலாகப் பார்க்கப் போனேன்” என்றுதான் அச்சாகியிருக்கிறது. கட்டுரையாளர் மாதாமாதம் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறார், வருஷத்துக்கு ஒரு கடிதமும் ஒரு போட்டோவும் வருகிறது. இதற்குப் பெயர் தத்தா?

தத்து என்றால் என்னவென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. படிப்புக்கும் பராமரிப்புக்கும் உதவுவது வேறு, அது 45-ஆம் பிரிவு. இரண்டையும் ஒன்றாக்க நம் பத்திரிகைகளுக்கு ஒரு வார்த்தை போதும்.

நானும் அந்த வார்த்தையைச் சொன்னவள்தான், அதனால்தான் இவ்வளவு கோபம். ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், தாராவி நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் ஒரு சிறுமியின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டேன். அப்பா இல்லை. அம்மா இட்லி போட்டு விற்கிறவள். கீழே வேறு குடும்பம், மேலே இவர்கள். செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. என் முழங்காலுக்கு அது ஏணியே இல்லை, தண்டனை. மேலே போனால் கிரைண்டர், அரிசி மூட்டை, நீல டிரம், இவற்றுக்கு நடுவே அவள் நோட்டு.

இரண்டாவது வருஷம் பக்கத்துக் கோலியில், அதாவது பக்கத்து ஒற்றை அறை வீட்டில், இருந்த பெண்கள் “இது யாரு?” என்று கேட்டார்கள். நான் பெருமையாக, “இவளை நான் தத்து எடுத்திருக்கேன்” என்றேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்காக வாங்கி வந்திருந்த மாசா பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், அவ்வளவுதான். அடுத்த முறை போனபோது பெண் அங்கே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. பள்ளிக்கூடம் பாதியில். தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்தான் சொன்னாள்: “அக்கா, அந்தம்மா பயந்துபோயிட்டாங்க. பிள்ளைய எழுதி வாங்கிருவீங்களோன்னு நினைச்சிட்டாங்க.”

அந்த ஏணியில் மறுபடி ஏறி மன்னிப்புக் கேட்டேன். பெண் திரும்பி வர ஐந்து மாதம் ஆயிற்று.

உங்கள் கட்டுரையாளர் “அந்தச் சின்ன அறையில் எவ்வளவு பெரிய மகிழ்ச்சி!” என்று உருகியிருக்கிறார். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருகிறவருக்குத் தெரிவது அதுதான். முதல் தடவை நான் முழங்கை உயர பொம்மை வாங்கிப் போனேன். கால் நீட்டிப் படுக்க இடம் இல்லாத வீட்டுக்கு! பாலிதீன் பையோடு உத்தரத்தில் மாட்டினார்கள். ஆறு வருஷம் அங்கேயே தொங்கியது. எனக்கு மரியாதை செய்யத்தான் தொங்கவிட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு மூக்குக்கண்ணாடி.

பார்க்கப் போக முன் அனுமதி கேட்டார்கள், பக்கத்திலேயே ஓர் ஊழியர் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கு வருத்தம் வேறு. பணம் கட்டுகிறவர் என்பதற்காக, முன்பின் தெரியாத ஒருவரைத் தங்கள் பேத்தியோடு தனியே உட்கார விடுவீர்களா, ஐயா? ஊழியர் இல்லாதிருந்தால்தான் நான் புகார் எழுதியிருப்பேன்.

அதைவிடப் பெரிய அபத்தம் கட்டுரையோடு அச்சிட்ட அந்தப் படம். குழந்தையின் முகம், சீருடையில் பள்ளியின் பெயர், கீழே சந்தின் பெயர். நாளைக்கு யார் வேண்டுமானாலும் பள்ளி வாசலில் போய் நிற்கலாம். வழி சொல்லிக் கொடுத்த புண்ணியம் தங்களுக்கு.

இவ்வளவு இடம் இருந்ததே, உருப்படியாக ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், அப்பாவை இழந்த ஏழைக் குழந்தை போன்றவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. நகரமானால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் எட்டாயிரம். இந்த மும்பையில்! அதற்குச் சான்றும் வேண்டும். தூக்குப் பாத்திரத்தில் இட்லி விற்கிறவளுக்குச் சம்பளச் சீட்டு யார் கொடுப்பார்? இதை எழுத ஒருவரும் இல்லை. உருகத்தான் ஆள் இருக்கிறது.

தங்கள் பத்திரிகைக்கு மும்பைத் தமிழர்கள் ஞாபகம் வருவது மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும், “ஆசியாவின் மிகப் பெரிய” என்று ஆரம்பிக்க ஒரு வாக்கியம் தேவைப்படும்போதும்தான். இங்கே மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். வரவில்லை. அந்த வாரம் ஒரு நடிகையின் பாந்த்ரா வீட்டுத் திரைச்சீலைகள் இரண்டு பக்கம் வந்திருந்தன. திரைச்சீலைகள் நன்றாகவே இருந்தன.

நான் கேட்பது அதிகமில்லை. இணையதளத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த இதழில் மூன்று வரியில் ஒரு திருத்தம் போடுங்கள்: “தத்தெடுத்த” என்பதை “படிக்க உதவுகிற” என்று படிக்கவும். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கும் யாராவது அதைப் படித்துக் காட்டுவார்கள்.

இக்கடிதத்தைச் சுருக்குவதானால் பொம்மைக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்தை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ச. வி.,
மாட்டுங்கா, மும்பை

பி.கு.: சந்தா கட்டியும் தீபாவளி மலர் இன்னும் வந்து சேரவில்லை. பொங்கலுக்குள் கிடைத்தாலும் சரி.