ஆலையில் ஆள் நிற்க வேண்டுமானால்...

ஐயா,

‘ஆள் நிற்பதில்லை’ என்று ஆலை நிர்வாகங்கள் அங்கலாய்ப்பது புதிதல்ல. 1913இல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் ஆலையில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் ஆண்டுக்கு 370 சதவீதம், அதாவது 100 பேர் வேலை செய்யும் இடத்தில் ஓராண்டில் 370 பேர் விலகினார்கள். 1914 ஜனவரியில் தினக்கூலியை 5 டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்த பிறகே ஆட்கள் நிலைத்தார்கள். (அந்தக் கூலிக்காகத் தொழிலாளியின் வீட்டு வாழ்க்கையையும் துருவினார்கள், அது அநியாயம்.)

கூலி மட்டும் போதாது. டொயோட்டா ஆலையில் கோளாறைக் கண்ட தொழிலாளி, எச்சரிக்கை தருவதற்கென்றே கட்டியிருக்கும் கயிற்றை இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடி வருவார். சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். இயந்திரத்தின் சத்தம் மாறுவதை முதலில் உணர்பவர் அதை ஓட்டுபவர்தான். அவரிடம் ‘உன் வேலையைப் பார்’ என்றால் எப்படி நிற்பார்? விலகும் நாளில் காரணம் கேட்டுப் படிவம் நீட்டுவதை விட்டு, சேர்ந்த முதல் மாதத்திலேயே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஷிப்டு அட்டவணையையும் முன்கூட்டியே ஒட்டுங்கள்.