மாமா, மேசையைக் கழற்றிவிட்டேன்

மாமா,

போன சனிக்கிழமை, நீங்கள் செய்து கொடுத்த மேசையைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருந்த மூன்று குறுக்குச் சட்டங்களையும் கழற்றினேன். ஒன்பது ஸ்க்ரூவும் முழுசாக வெளியே வந்துவிட்டன. அதில் நான் பார்த்ததை உங்களிடம் போனில் சொல்லத்தான் நினைத்தேன். மூன்று தடவை எண்ணை அழுத்தி, மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். நாம் பேசி இன்றோடு எட்டு வருஷம் ஆகிறது. தப்பை ஊர் பார்க்கச் செய்தேன். மன்னிப்பை மட்டும் காதோடு கேட்பது நியாயமில்லை என்று தோன்றியதால் இங்கேயே எழுதுகிறேன்.

அந்தப் படத்தை உங்களிடம் யார் காட்டினார்கள் என்பதை எழுதப்போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேசியதையும் எழுத மாட்டேன். அத்தை இதைப் படிப்பார்கள். அது நம் வீட்டோடு இருக்கட்டும்.

நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். மேசை மூன்றாவது முறையாக வெடித்துப் பல வருஷம் கழித்து, ஒரு ராத்திரி ட்விட்டரில் அதன் படத்தைப் போட்டு, 'ஒரே இடத்தில் ஏன் திரும்பத் திரும்ப விரிசல் விடுகிறது?' என்று கேட்டேன். அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். ஒரு மணி நேரத்துக்குள் காரணம் வந்துவிட்டது. கூடவே ஒருவர், 'இதைச் செய்தவருக்கு மரம் தெரியாது' என்று எழுதினார். அந்த வரிக்கு நான் விருப்பக்குறி போட்டேன். உங்களுக்குக் காட்டப்பட்டது அதுவரைதான் என்று நினைக்கிறேன். அதற்குக் கீழே நானும் ஒரு வரி எழுதினேன் மாமா. 'சொந்தக்காரர் செய்தது, அதனால் எதுவும் சொல்ல முடியவில்லை' என்று. மறுநாள் அதை அழித்துவிட்டேன். நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றுக்கும் சேர்த்துத்தான் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக என்னால் வருத்தப்பட முடியவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. பதில் சொன்னவர்களின் பக்கங்களுக்குள் போனேன், அங்கிருந்து அவர்கள் யாரைப் படிக்கிறார்கள் என்று பார்த்து அங்கே போனேன். மரவேலையைப் பற்றி எழுதுவதற்கென்றே இத்தனை பேர் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பால் செல்லர்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர். சின்ன வயதிலேயே பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தவர். மேசை, நாற்காலி, அலமாரி எதை எடுத்தாலும் பெரும்பாலும் மூன்றே மூன்று மூட்டுகள்தான் என்கிறார்: காடி வெட்டிப் பலகையை இறக்குவது, துளை பொளிந்து முளையைச் செருகுவது, புறா வால் மாதிரி வெட்டிக் கோப்பது. மூன்றும் கைக்கு வந்துவிட்டால் பயம் போய்விடும். மத்தியாஸ் வாண்டல் என்று கனடாவில் ஒரு பொறியாளர். மூட்டுகளைச் செய்து, அவரே அதை உடைத்து, எது எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதி வைக்கிறார். பீட்டர் ஃபாலன்ஸ்பீ அமெரிக்காவில் ஒரு அருங்காட்சியகத்தில் 1994 முதல் 2014 வரை இருபது வருஷம், பதினேழாம் நூற்றாண்டு மரச்சாமான்களை அந்தக் காலத்துக் கருவிகளாலேயே செய்துகொண்டிருந்தவர். அவர் செய்யும் முக்காலியின் மூட்டில் ஒரு சொட்டுப் பசை கிடையாது. சட்டத்தில் போடும் துளைக்கும் முளையில் போடும் துளைக்கும் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மர ஆணியை அடித்து இறக்குகிறார். ஆணி இறங்க இறங்க முளை தானாக உள்ளே இழுபடுகிறது. அதைப் பிறகொரு நாள் படித்தபோது உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்போது நாம் பேசிக்கொண்டிருக்கவில்லை.

இவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. ஆனாலும் உளியின் வாயை 25 டிகிரியில் தீட்டி நுனியை மட்டும் 30 டிகிரிக்கு ஏற்று என்று எண்ணாகச் சொன்னார்கள். எனக்கு எண் வேண்டியிருந்தது. நீங்கள் கல்லில் உளி போகும் சத்தத்தை வைத்தே தீட்டுவீர்கள். அந்தச் சத்தம் எப்படி மாறினால் போதும் என்று ஒரு தடவை கேட்டேன். 'பாத்துக் கத்துக்கணும் பாப்பா, கேட்டா வராது' என்றீர்கள். பார்க்கத்தான் செய்தேன், எத்தனை நாள்! பட்டறை வாசலில் நின்று சீவல் சுருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழைப்புளியை ஒரு தடவை என் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. 'கையைக் கிழிச்சுக்குவே.' அவ்வளவுதான். உங்களோடு வேலைக்கு வந்த பையன்கள் கையைக் கிழித்துக்கொண்டுதான் கற்றார்கள்.

கெட்டுப்போன பலகையை நீங்கள் யாருக்கும் காட்டியதில்லை. அது அன்றைக்கே விறகோடு போய்விடும். இந்த முன்பின் தெரியாதவர்களோ தாங்கள் கெடுத்ததையும் படம் எடுத்துப் போட்டு, எங்கே கை தவறியது என்று விரலால் சுட்டிக் காட்டினார்கள். நான் அவர்கள் பக்கம் சாய்ந்ததற்கு அதுதான் காரணம் மாமா. உங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சரி, விரிசலுக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாததா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதமே. மழைக்காலத்தில் கதவு உப்பிப் பிடித்துக்கொள்கிற அதே விஷயம்தான். மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். பச்சைத் தேக்கு எலும்பாகக் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். வளையங்களுக்குக் குறுக்கே, மையத்திலிருந்து வெளியே போகிற திசையில், 2.5 சதவீதம்தான். நம் மேசை 600 மில்லிமீட்டர் அகலம். நன்றாகக் காய்ந்த பலகையாகவே இருந்தாலும், மழைக்கும் வெயிலுக்கும் இடையில் மரத்துக்குள் இருக்கும் ஈரம் 4 சதவீதம் கூடிக் குறைந்தால், 4 மில்லிமீட்டருக்கு மேல்கூட நகரலாம். அடியில் குறுக்கே போகும் சட்டமோ தன் நீளவாக்கில் அசையாது. இரண்டையும் பசை போட்டு, ஸ்க்ரூவால் இறுக்கிவிட்டால், சுருங்க இடமில்லாத பலகை ஏதாவது ஒரு இடத்தில் கிழிந்துதான் ஆக வேண்டும். எனக்கு அன்றைக்கு விளக்கியது இதைத்தான். படத்தில் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

படத்தில் தெரிந்தது இடப்பக்கச் சட்டமும் நடுச் சட்டமும் மாமா. விரிசல் இடப்பக்கம் இருந்ததால் அங்கேதான் போனை நீட்டினேன். வலப்பக்கச் சட்டம் பாதியோடு வெட்டுப்பட்டுப் போயிற்று.

சனிக்கிழமை அதைக் கடைசியாகத்தான் கழற்றினேன். மற்ற இரண்டையும் பெயர்க்க உளியும் கொட்டாப்புளியும் தேவைப்பட்டன, அத்தனை பசை. மூன்றாவதில் ஸ்க்ரூவை எடுத்ததும் சட்டம் கையோடு வந்துவிட்டது. பசையே இல்லை. பலகையின் அடியில் பழைய பசையைச் சுரண்டி எடுத்த உளித்தடம் வரிசையாக இருந்தது. இரண்டு ஓரத்து ஸ்க்ரூவுக்கும் கீழே பித்தளை வாஷர். சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நடுத்துளை உருண்டை. ஓரத்துத் துளைகள் இரண்டும் நீளமாக, அரைத் தீக்குச்சி சாய்ந்து படுக்கிற மாதிரி இருந்தன. உள்சுவரில் வட்ட அரம் போன கோடுகள். அளந்தேன். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 9 மில்லிமீட்டர் நீளத் துளை. நடுவை இறுக்கி ஓரங்களை நகர விட வேண்டும் என்று எட்டு வருஷமாக நான் படித்து வருகிறேனே, அது அப்படியே என் மேசைக்கு அடியில், உங்கள் கையால் செய்யப்பட்டு இருந்திருக்கிறது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

இரண்டாவது விரிசல் வலப்பக்கம் வந்ததே, அன்றைக்கு. மறுநாள் எனக்குப் பரீட்சை. மேசை கூடத்து நடுவில் கவிழ்ந்து கிடக்கிறது, நான்கு காலும் மேலே. நீங்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, சட்டத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எதையோ அராவிக்கொண்டிருக்கிறீர்கள். காதில் பென்சில். துளையில் தூளை ஊதுகிறீர்கள், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறீர்கள், மறுபடி அராவுகிறீர்கள். நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தலைமாட்டில் நிற்கிறேன். விரிசலைத்தானே அடைக்க வேண்டும், சட்டத்தை எதற்கு ராவுகிறார் என்று எனக்கு எரிச்சல். அடைப்புக்கு நீங்கள் சீவி வைத்த சிம்பு தரையில் கிடந்தது, அதை எடுத்து உங்கள் முன்னால் நீட்டினேன். அதை மாட்டி, இழைத்து, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, பக்கத்துச் சட்டத்தின் மேல் கையை வைத்துச் சொன்னீர்கள்:

'இன்னும் ரெண்டு இருக்கு.'

'போதும் மாமா. அடைச்சாச்சுல்ல? எனக்குப் படிக்கணும்.'

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மேசையை நிமிர்த்தி, சுவரோரம் தள்ளி வைத்து, மேலே இருந்த தூளை உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் போனீர்கள்.

வலப்பக்கத்து அடைப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது மாமா. நகத்தை வைத்துத் தடவினால்கூடத் தட்டவில்லை. அடுத்து வந்த விரிசலும் இடப்பக்கம்தான். மேசையே எனக்குப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதன் மேல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன்.

ஆக, உங்களுக்கு மரம் தெரியும். யாரும் எண் சொல்லாமல், யாரும் படம் போட்டுக் காட்டாமல், முதல் அடைப்பு விட்டுப்போனதைப் பார்த்து நீங்களாகவே யோசித்துக் கண்டுபிடித்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் நடுவில் நின்றபோதாவது இதைச் சொல்லியிருக்கலாமே! 'மேசையைக் கவிழ்த்துப் பாரு' என்று மூன்று வார்த்தை போதாதா? வாயைத் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். என்னை எட்டு வருஷம் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்க விட்டீர்கள். அதுவும் ஒரு தண்டனைதான், தெரிந்தே கொடுத்தீர்களோ என்று இரண்டு நாளாக எனக்குக் கோபம். பரீட்சை முடிந்து ஒரு வாரம் கழித்து வந்து மற்ற இரண்டையும் செய்திருக்கக் கூடாதா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை போதும் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவதா?

விடுங்கள். போதும் என்று சொன்னது நான்தானே.

அந்த வரிக்குப் போட்ட விருப்பக்குறியை எடுத்துவிட்டேன். எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் பார்த்தது பாதிப் படம். சட்டத்தின் துளையை வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படத்தை நேற்றுப் போட்டேன், செய்தவர் என் மாமா, யாரும் சொல்லித்தராமல் செய்தார் என்று எழுதி. நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். அந்த அராவலைப் பார்த்தே கை பழகிய ஆள் என்று தெரிகிறது என ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் பெயரைப் போடவில்லை. உங்களைக் கேட்காமல் இன்னொரு தடவை உங்களைப் பற்றி எதையும் போடக்கூடாது என்று இருக்கிறேன். இந்தக் கடிதமே அதற்கு முரண்தான், தெரிகிறது. கோபம் வந்தால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

மேசை இன்னும் கூடத்தில் கவிழ்ந்துதான் கிடக்கிறது. இடப்பக்கத்து விரிசலில் இருந்த பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்து, அதே மரத்தில் ஒரு சிம்பு சீவி இறக்கியிருக்கிறேன், கொஞ்சம் மேலே தூக்கி நிற்கிறது. அதைச் சமமாக இழைக்க எனக்குத் துணிவில்லை. பக்கத்தில் இருக்கும் கணுவைச் சுற்றி நார் இரண்டு பக்கமும் புரண்டு ஓடுகிறது. எந்தத் திசையில் இழைப்புளியை வைத்தாலும் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு வருமோ என்று பயமாக இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் எப்படித் திருப்பினீர்கள் என்று வாசலில் நின்று பார்த்ததை எவ்வளவு யோசித்தாலும் கைக்கு வரவில்லை.

சட்டங்களைச் சுத்தம் செய்து வைத்துவிட்டேன். வலப்பக்கத்தது உங்கள் துளைகளோடு அப்படியே மாட்டத் தயார். மற்ற இரண்டிலும் ஓரத் துளைக்குப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், உங்கள் 9 மில்லிமீட்டர் அளவுக்கே. அரம் வைக்கவில்லை.

இன்னும் ரெண்டு இருக்கு மாமா. வட்ட அரம் என்னிடம் இருக்கிறது, உங்கள் சின்ன இழைப்புளியை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.